எழுத்துக்கு முன் ஒலி: கொழும்புப் பிள்ளைகளும் தமிழும்



சமயமும் இலக்கியமும் பேசிப் பழகிய மேடை இது. இதிலே நாலு வயதுப் பிள்ளைக்கு 'ப' எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். முன்பள்ளி ஆசிரியர்களோடு காலம் கழித்த ஒருவரை அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைப்பது கொழும்பில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. கிடைத்த நேரத்தை முகவுரையில் செலவழிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். ஒரு மதிலிலோ மின்கம்பத்திலோ 'போனிக்ஸ் வகுப்பு' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். மூன்று வயதுப் பிள்ளையைப் பின்னேரம் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே ஓடுகிற தாய்மாரை நான் குறை சொல்ல வரவில்லை. ஆங்கிலம் வாசிக்க, எழுத்தின் ஒலியைச் சொல்லிக் கொடுக்கும் அந்த முறை உதவும். ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஒலிகளோ ஏறத்தாழ 44. ஒரே எழுத்து ஒரு சொல்லில் ஒரு மாதிரியும் அடுத்த சொல்லில் வேறு மாதிரியும் ஒலிக்கும். எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஒலியைச் சொல்லிக் கொடுத்தால்தான் சொல்லுக்குள் நுழையலாம். சூ லாயிட், சாரா வெர்ன்ஹாம் என்ற இரண்டு ஆசிரியைகள் 1992இல் வெளியிட்ட 'ஜொலி போனிக்ஸ்' 42 ஒலிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையும் ஒரு கையசைவும் வைத்தது. ஆரம்ப வாசிப்பைக் கற்பிப்பது பற்றி 2006இல் வந்த ஜிம் ரோஸ் அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தின் பாடசாலைகள் இந்த வழிக்கு மாறின. 2012 முதல் அங்கே முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒலிச் சோதனையே நடக்கிறது.

என் முறைப்பாடு வேறு. ஆங்கிலத்துக்கு வெட்டிய அச்சில் தமிழையும் போட்டு அழுத்துகிறோம். 'க்' என்று சொல், 'அ' என்று சொல், இரண்டையும் சேர் என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற வகுப்புகளைக் கண்டிருக்கிறேன். பிள்ளை முழிக்கும். முழிப்பது நியாயம். தமிழ் பேசும் பிள்ளையின் காதில் 'க' ஒரே தட்டு. அதை இரண்டாக உடைக்கும் வேலை இலக்கணக்காரருடையது. 'கடலை' என்றால் அந்தப் பிள்ளைக்கு க, ட, லை என்று மூன்று தட்டுத்தான். நல்லவேளையாக நம்முடைய எழுத்தும் ஏறக்குறைய அதே தட்டுக்கணக்கில்தான் எழுதப்படுகிறது. சிங்களமும் அப்படித்தான். ஆகவே கொழும்பிலே வளரும் பிள்ளைக்கு இரண்டு மொழி ஒரு வழி, ஒரு மொழி வேறு வழி. மூன்றையும் ஒரே மேசையில் ஒரே முறையால் கற்பிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ் சொல்லுகிறபடியே எழுதுகிற மொழி, அதனால் சுலபம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 கட்டங்களை ஒரு தாளில் அடித்துச் சுவரில் மாட்டியதும் அந்தச் சுலபம் ஓடிவிடுகிறது. கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஆங்கில எழுத்துகளைவிட இந்த வகை எழுத்துகள் முழுதாகப் பிடிபடப் பிள்ளைகளுக்கு அதிக ஆண்டுகள் வேண்டும், ஒரு எழுத்துக்குள்ளே இருக்கும் தனி ஒலிகளைப் பிரித்து அறிவதும் மெதுவாகத்தான் வரும் என்று அது காட்டியது. தமிழும் அதே குடும்பம், அதே வகை எழுத்து. முதல் தவணைக்குள் 'அரிச்சுவடி முடிந்துவிட்டது' என்று பெற்றோருக்குப் பெருமையோடு அறிவிக்கிற முன்பள்ளி, பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டது என்று சொல்லவில்லை. சுவரில் இருந்த தாள் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? காதில். 1983இல் லினெற் பிராட்லி, பீற்றர் பிரையன்ட் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. வாசிக்கத் தொடங்காத நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 400 பேரிடம், சில சொற்களைச் சொல்லி, இதில் ஒலியால் சேராத சொல் எது என்று கேட்டார்கள். பிறகு அதில் பின்தங்கிய 65 பிள்ளைகளைப் பிரித்து, இரண்டு ஆண்டுகளில் 40 அமர்வுகள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு படங்களை ஒலியால் சேர்த்து விளையாடியது. இன்னொரு குழு அதே விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையாண்டது. மற்றொரு குழு அதே படங்களைப் பொருளால் மட்டும் சேர்த்தது. கடைசிக் குழுவுக்குப் பயிற்சியே இல்லை. பின்னால் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னுக்கு நின்றது ஒலியையும் கையிலே பிடித்த எழுத்தையும் சேர்த்து விளையாடிய குழு.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதா? சொல்லின் முதல் எழுத்து ஒத்து வருவதை மோனை என்றும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதை எதுகை என்றும் பெயர் வைத்துக் காதைத் தீட்டியவர்கள் நாம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. அந்த மாத்திரையைக் கண் இமைக்கும் நேரத்தாலும் கை நொடிக்கும் நேரத்தாலும் அளந்து சொன்னது தொல்காப்பியம். பல்கலைக்கழகம் வரும்வரை இதைப் பூட்டி வைத்திருக்கிறோம். நாலு வயதில் இதுதான் விளையாட்டு. 'பல்' என்று ஒருமுறை கை தட்டு, 'பால்' என்று தட்டிய கையை இழு. 'கல்', 'கால்'. 'மலை', 'மாலை'. 'படம்', 'பாடம்'. கையை இழுத்துப் பழகிய பிள்ளைக்குப் பின்னால் 'ா' என்ற கால் ஏன் வருகிறது என்று ஒருவரும் விளக்கத் தேவையில்லை. இழுத்த கை எழுத்தில் கால் ஆகிறது, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய முன்பள்ளியில் பார்த்த வகுப்பைச் சொல்கிறேன். ஆசிரியை ஒரு சந்தைக் கூடையோடு பாயில் வந்து உட்கார்ந்தார். உள்ளே வாழைப்பழம், வெண்டிக்காய், வெங்காயம், கத்தரிக்காய், கரட், தேங்காய்ப்பாதி, தேசிக்காய், ஒரு கட்டு வல்லாரை. ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி, மணந்து பார்க்கக் கொடுத்து, திரும்பக் கூடைக்குள் போட்டார். பிறகு கூடையைத் துவாயால் மூடி, "வே...யில தொடங்கிற சாமான் எடுங்கோ பாப்பம்" என்றார். ஒரு பையன் வெண்டிக்காயை எடுத்தான். ஆசிரியை பிழை என்று சொல்லவில்லை. "வெண்டிக்காய்... வேண்டிக்காய்... எது சரி?" என்று இரண்டையும் சொல்லிக் கையைத் தட்டியும் இழுத்தும் காட்டினார். வகுப்பே சிரித்தது. அந்தக் கூடையில் 'வே' இல்லை. ஆசிரியை வேண்டுமென்றே வைத்த பொறி அது. "இல்லை ரீச்சர், ஒண்டுமே இல்லை" என்று ஒரு பெண்பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தை நூறு சரி அடையாளம் போட்டாலும் வாங்க முடியாது. அந்த அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளையும் பென்சில் பிடிக்கவில்லை. குறில் நெடில் பாடம் நடந்து முடிந்தது. எட்டு மரக்கறி, பழப் பெயர்களும் வாயில் ஏறின. 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது நினைவிருக்கும். இந்தக் கூடைக்குத் தாளே தேவையில்லை. பாடம் முடிந்த பின் மரக்கறியைக் கறி வைக்கலாம்.

தமிழில் ஒலி விளையாட்டு நடத்துகிறவர்கள் சில இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். 'க' என்ற ஒரே எழுத்து 'கல்'லில் ஒரு மாதிரி, 'தங்க'த்தில் ஒரு மாதிரி, 'பக'லில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. சொல்லுக்குள்ளே அது நிற்கும் இடத்தைப் பார்த்துப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ளும். சங்கடம் பெயர்களில்தான். காயத்திரி, கௌரி என்று பெயருள்ள பிள்ளை 'க' வட்டத்தில் வந்து உட்கார மறுக்கும். அது தன் பெயரைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. 'பஸ்'ஸும் 'பந்து'ம் ஒரே 'ப' என்றாலும் அந்தக் காது ஒத்துக்கொள்ளாது. ஆங்கிலமும் சிங்களமும் தினமும் கேட்கும் கொழும்புக் காது அது. முதலொலி விளையாட்டுக்குக் கல், கடல், கத்தரி, பல், படம் போன்ற சொற்களை எடுங்கள். பெயர்களுக்குத் தனியாகப் பெயர் அட்டை விளையாட்டு வையுங்கள். இரண்டையும் கலந்து பிள்ளையோடு வாதாடாதீர்கள்.

'ழ' விஷயமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சில் 'ழ'வும் 'ள'வும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. பிள்ளை வீட்டில் கேளாத ஒலியை நாலு வயதில் நாக்கை மடக்கச் சொல்லித் திருத்தப் போனால் பிள்ளை பேச்சையே குறைத்துக்கொள்ளும். பாட்டிலும் கதையிலும் ஆசிரியை சரியாகச் சொல்லட்டும், பிள்ளை கேட்கட்டும். 'செவி', 'கேணி' போன்ற சொற்களை எழுத்தில் காட்டவும் அவசரம் வேண்டாம். ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் கொம்பாக முன்னால் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒலியைப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு அது பெரிய திருப்பம். மரம், படம், பல், கல், மான் என்று புள்ளியில் முடியும் சொற்களும், கால் போடும் சொற்களும் முதலில் வரட்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏறுவதற்கே ஏணி வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு மரபு இருக்கிறது, மறந்துவிட்டோம். ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாலபாடங்களை அச்சிட்டபோது பிள்ளைக்கென்று படிப்படியாக ஏறும் வாசிப்பு ஒன்று தமிழுக்குக் கிடைத்தது. ஆனால் அதன் தொனி பெரியவர்களுடையது. பிள்ளையின் வாய்க்கு ஏற்ற பாட்டு வேண்டும் என்று வடபகுதித் தமிழாசிரியர்கள் முன்னின்றதில் 1935இல் 'பிள்ளைப் பாட்டு' தொகுப்பு வந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்பும் கத்தரித்தோட்டத்து வெருளியும் தாடி அறுந்த வேடனும் ஆகிய பாட்டுகள் எங்கள் தலைமுறைக்கு எழுத்துக்கு முன்பே வாயில் ஏறிவிட்டன. இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' கொழும்பு வீடுகளுக்குள் அதையே கொண்டுவந்தது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா'வும் மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு'ம் ஆகிய நாடகங்கள் பிள்ளைகளை மேடையில் ஏற்றிச் சொற்களை உடம்பால் சொல்ல வைத்தன.

வெளியிலிருந்து வந்த மரபும் நமக்கு அந்நியம் இல்லை. முன்பள்ளியை இன்றும் 'மொண்டிசோரி' என்றுதான் அழைக்கிறோம். பலருக்கு அது ஓர் ஆளின் பெயர் என்பது தெரியாது. மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர் போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்ல வைத்தது அவர் முறை. பென்சில் அதற்குப் பிறகுதான். பெயர்ப்பலகையில் மொண்டிசோரி என்று எழுதிவிட்டு உள்ளே மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இரட்டைக்கோட்டுக் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதக் கொடுக்கிற இடங்களை அந்த அம்மையார் கண்டால் தன் பெயரைத் திருப்பிக் கேட்பார்.

அரசாங்கமும் இதை அறியாமல் இல்லை. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதல் இரண்டு தரங்களில் விளையாட்டும் செயற்பாடும் முன்னால், எழுத்து வேலை பின்னால் என்றுதான் சொல்கிறது. சீர்திருத்தம் சொல்வதைக் குலைப்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல். அது முன்பள்ளி வாசல்வரை நீண்டு விழுகிறது. "எங்கட பிள்ளை இன்னும் எழுதத் தொடங்கேல்லை" என்று அம்மா கவலைப்பட்டால், பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஆசிரியை கொப்பியை எடுக்கிறார். அந்த ஆசிரியையின் சம்பளம் என்னவென்று கேட்காமல் அவரைக் கண்டிப்பது நேர்மையல்ல.

இனிச் சொல் வளம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளரும் பிள்ளைக்கு 'லிப்ட்', 'ரிமோட்', 'சார்ஜர்' தெரியும். கிணறு, துலா, வெருளி தெரியாது. தெரியாதது குற்றமில்லை. வெருளிப் பாட்டைப் பாடிவிட்டு, 'வெருளி என்றால் பயிரைக் காக்க நிறுத்தும் பொம்மை' என்று விளக்கம் சொல்லி முடித்தால் அந்தச் சொல் மாலைக்குள் போய்விடும். தும்புத்தடி ஒன்றைக் கதிரையில் கட்டுங்கள். அப்பாவின் பழைய சேர்ட்டை மாட்டுங்கள். வைக்கோல் இல்லாத ஊரில் பழைய பேப்பரைக் கசக்கித் திணிக்கலாம். தலைக்கு ஒரு பொலித்தீன் பை, மேலே தொப்பி. காகம் வருகிற பல்கணியில் நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு ஒளிந்திருந்து பாருங்கள். கை, தோள், சட்டை, கொழுவு, கட்டு, திணி, நிமிர்த்து, பறந்திட்டுது என்று பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் சேர்ந்து ஒட்டும். மின்னட்டையில் படம் காட்டிப் பெயர்ச்சொல் மட்டும் ஏற்றுகிற வகுப்புகளில் வினைச்சொல் பஞ்சமாகிவிடுகிறது. சொல்லப்போனால் தமிழ் வாக்கியத்தைத் தூக்கி நிறுத்துவதே கடைசியில் வரும் அந்த வினைதான்.

கொட்டாஞ்சேனை வகுப்பில் வேறு வளம் இருக்கிறது. ஒரே பாயில் யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளையும் மலையகத்து வீட்டுப் பிள்ளையும் செட்டியார் தெருக் கடைக்காரர் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் இருப்பார்கள். ஒருவர் கதிரை என்பார், ஒருவர் நாற்காலி என்பார். ஒருவருக்குத் திறப்பு, இன்னொருவருக்குச் சாவி. இதில் எது சரியான தமிழ் என்று தீர்ப்புக் கூறுகிற ஆசிரியை ஒரு பிள்ளையின் அம்மாவைப் பிழையாக்கிவிடுகிறார். இரண்டையும் பலகையில் போட்டு, யார் வீட்டில் எது என்று கை தூக்கச் சொன்னால் ஒரு பொருளுக்கு இரண்டு சொல் சம்பாத்தியம். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், 1963இல் வெளியான 'டீச்சர்' என்ற நூலில் ஒரு வழி சொன்னார். இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதி அந்தப் பிள்ளையிடமே கொடுப்பார். பிள்ளைகள் கேட்டவை அம்மா, பயம், சண்டை போன்ற சூடான சொற்கள். அடுத்த நாள் அந்த அட்டையை வாசிக்கப் பிள்ளைக்கு உதவி தேவைப்படவில்லை. நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 'பட்டாசு' வரும், 'ஐஸ்கிறீம்' வரும், 'வெளிநாட்டு அப்பா' என்றும் வரும். வரட்டும்.

பணம் செலவில்லாத இன்னொரு வகுப்பறை காலி வீதி. பஸ்ஸிலும் கடையிலும் அரச அலுவலகத்திலும் மூன்று மொழிப் பலகைகள். 100, 101 பஸ்களில் ஊர்ப் பெயர் வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு 'வெ'யும் 'ப'வும் 'தெ'யும் பாடப்புத்தகத்தில் புதிதல்ல. நம் ஊர்ப் பலகைகளில் தமிழ்ப் பிழைகளுக்குப் பஞ்சமில்லை என்பது நமக்கு எரிச்சல், பிள்ளைக்குப் புதையல். தரம் 2 பிள்ளை ஒன்றிடம் பென்சிலும் சின்னக் கொப்பியும் கொடுத்துப் பிழை வேட்டைக்குக் கூட்டிப் போங்கள். கொப்பி நிரம்பித்தான் திரும்பும்.

பெற்றோர் வேலைக்குப் போய்விடுகிறார்கள், யார் செய்வது இதையெல்லாம் என்று கேட்பீர்கள். வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீடுகளில் பகல் முழுக்க அம்மம்மாமாரும் தாத்தாமாரும் இருக்கிறார்கள். நொடி போடத் தெரிந்தவர்கள், கொக்கான் வெட்டத் தெரிந்தவர்கள், பாட்டுத் தெரிந்தவர்கள். பிள்ளையை அமைதியாக வைக்கக் கையில் போனைக் கொடுத்துவிட்டு, தமிழுக்கு வகுப்புத் தேடி அலைகிறோம். வீட்டிலிருக்கும் ஆசிரியரை வேலையில்லாமல் உட்கார்த்தி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் தீர்ப்பு.

அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு சொற்பொழிவை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இந்த மண்டபத்தை ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பாய், ஒரு கூடை, உப்புத்தாள் எழுத்து ஒரு பெட்டி, சோமசுந்தரப் புலவர் பாட்டுகள் தெரிந்த ஒருவர் போதும். கொட்டாஞ்சேனையிலும் அதே மாதிரி ஒரு மண்டபம் கிடைத்தால் அங்குள்ள ஆசிரியைமார் நடத்தத் தயாராக இருக்கிறார்கள். வாசலில் உள்ள மேசையில் ஒரு கொப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கதை சொல்ல, பாட்டுப் பாட, கொக்கான் வெட்ட வரக்கூடிய அம்மம்மாமாரும் தாத்தாமாரும் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.